மறு: ‘சைபர் ஹைஜீன்’ – தமிழில் ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

‘சைபர் ஹைஜீன்’, அதாவது கைப்பேசியிலும் கணினியிலும் ஏமாறாமல் இருக்க அன்றாடம் நாமே செய்துகொள்ளும் முன்னெச்சரிக்கைகள். இதற்குத் தமிழில் என்ன சொல் என்று ஓடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று எங்கள் ஊர் நூலகத்தில் நான் எடுக்கும் சனிக்கிழமை வகுப்பில் நடந்தது என்னை எழுத உட்கார வைத்துவிட்டது.

ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் கைப்பேசியை நீட்டி, “தம்பி, கல்யாணப் பத்திரிகை வந்திருக்கு, திறக்க மாட்டேங்குது” என்றார். வாட்ஸப்பில் வந்த கோப்பு. பெயர் ‘திருமண அழைப்பிதழ்’. பெயரின் வாலில் ஒரு புள்ளி, அதையடுத்து ஏ, பி, கே என்று மூன்று ஆங்கில எழுத்து. அது பத்திரிகையும் இல்லை, படமும் இல்லை. ஆண்ட்ராய்டில் நிறுவுகிற செயலி. அவர் தொட்டிருக்கிறார். இங்கிருந்து நிறுவ அனுமதிக்கலாமா என்று கைப்பேசி கேட்டிருக்கிறது. நல்லவேளை, அந்த இடத்தில் தயங்கி நின்றுவிட்டார். இப்படிப்பட்ட செயலிகள் உள்ளே வந்ததும் குறுஞ்செய்திகளைப் படிக்கத்தான் முதலில் உரிமை கேட்கும். வங்கியின் ஓடிபி வருவது அங்கேதானே.

அனுப்பியது அவருடைய அக்கா மகன் எண். அவனுக்கே பேசிக் கேட்கச் சொன்னேன். “நான் எதுவும் அனுப்பலையே சித்தி” என்றான். அவன் ஏமாந்து இரண்டு நாளாகியிருக்கிறது, அவனுக்கே தெரியவில்லை.

திறப்பதற்கு முன்னால் அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது. கோப்புப் பெயரின் வாலைப் பார்ப்பது. புதுப்பிப்பு (அப்டேட்) வந்தால் அன்றைக்கே போட்டுவிடுவது. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர்தான் நாம் தேடுவது. இனி, வந்திருக்கும் பரிந்துரைகள்.

> ‘மின்தூய்மை’ சுருக்கமாகவும் அழகாகவும் இருக்கிறது.

அழகில் குறையே இல்லை, ஐயா. ஆனால் தூய்மை என்றதும் மனம் அழுக்கைத் துடைப்பதற்குப் போகிறது, அழுக்கு சேர்ந்த பிறகு செய்கிற வேலைக்கு. எனக்கு இன்னொரு பயமும் உண்டு. ‘உங்கள் போனில் வைரஸ் இருக்கிறது, உடனே சுத்தம் செய்யுங்கள்’ என்று திரை முழுக்கச் சிவப்பாக ஒளிரும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். அதை அழுத்தி ‘கிளீனர்’ செயலியை நிறுவி, அதன் வழியாகவே மாட்டிக்கொண்டவர்கள் என் வகுப்பிலேயே இரண்டு பேர். நாம் தூய்மை என்று சொல்லிக்கொடுத்தால், சுத்தம் செய்கிறேன் என்று வருகிறவனுக்கு நாமே கதவைத் திறந்துவிடுவோம்.

> இலங்கையில் நாங்கள் ‘இணையச் சுகாதாரம்’ என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சுகாதாரம் என்றால் துறை, அலுவலகம், ஆய்வாளர், மருந்தடிக்க வருகிறவர் என்றுதான் இங்கே மனத்தில் படிந்திருக்கிறது. வேறு யாரோ வந்து செய்துதர வேண்டியது என்ற எண்ணம். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு.

‘மின்காப்பு’ கூடவே கூடாது. இயற்பியலில் மின்சாரம் பாயாமல் தடுக்கும் உறைக்கு அது ஏற்கெனவே பெயர்.

என் பரிந்துரை காப்புப் பழக்கம்.

சொல்லின் எடை ‘பழக்கம்’ என்பதில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற தீநிரல் (கெடுதல் செய்யும் நிரல், ஆங்கிலத்தில் மால்வேர்) பரவி, உலகெங்கும் லட்சக்கணக்கான கணினிகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. இடையில் ஏறத்தாழ இரண்டு மாதம் இருந்தது. மருந்து கையில் இருந்தும், போடும் பழக்கம் இல்லாத இடங்களில்தான் அடி விழுந்தது. 2000 மே மாதம் பிலிப்பைன்சிலிருந்து கிளம்பி மின்னஞ்சல் வழியே தானாகப் பரவிய ‘ஐ லவ் யூ’ புழுவும் அப்படியே. மின்னஞ்சலோடு வந்த கோப்பின் பெயர் ‘டிஎக்ஸ்டி’ என்று, வெறும் எழுத்துக் கோப்புபோல முடிவதாகத் தெரிந்தது. உண்மையான வால் ‘விபிஎஸ்’, ஓடக்கூடிய நிரல். விண்டோஸ் அந்த வாலை மறைத்துக் காட்டியது. கடிதம் என்று நம்பித் திறந்தார்கள். நேற்றைய கல்யாணப் பத்திரிகையும் அதே தந்திரம்தான்.

நம் ஊரில் இதை ஜெராக்ஸ் கடையில் கண்ணால் பார்க்கலாம். ஹால் டிக்கெட் அச்செடுக்கப் பென்டிரைவைக் கொடுப்போம். வீட்டுக்கு வந்து செருகினால் எல்லா அடைவுகளின் (ஃபோல்டர்) மூலையிலும் ஒரு சின்ன வளைந்த அம்புக்குறி இருக்கும். அளவு ஒன்றிரண்டு கேபி. உண்மையான அடைவுகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழிகளை (ஷார்ட்கட்) வைத்திருக்கும். சொடுக்கினால் தீநிரலும் ஓடும், உள்ளே இருக்கும் கோப்புகளும் திறக்கும். திறந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகமே வராது. அந்த அம்புக்குறியைக் கவனிப்பது ஒரு காப்புப் பழக்கம். கடைக்குக் கொண்டுபோகவென்று வேறெதுவும் இல்லாத ஒரு பென்டிரைவைத் தனியாக வைத்திருப்பது இன்னொன்று. பார்த்தீர்களா, ஒன்று, இன்னொன்று என்று எண்ண முடிகிறது. தூய்மையையும் சுகாதாரத்தையும் இப்படி எண்ண வராது. கற்றுக்கொடுக்கிறவனுக்கு இது பெரிய வசதி.

> இரண்டு சொல்லாக இருக்கிறது. இது கலைச்சொல் ஆகாது, விளக்கம்.

கூட்டுச்சொல்லே கலைச்சொல்லாக நிற்பது நமக்குப் புதிதில்லை. ஒளிச்சேர்க்கையையும் இரத்த ஓட்டத்தையும் யாரும் விளக்கம் என்று தள்ளவில்லை. காப்பு நகல், காப்பீடு எல்லாம் இருக்கும்போது குழப்பம் வராதா என்றும் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றிலும் காப்பு ஒரே பொருளில்தான் வருகிறது. எங்கள் கொங்குப் பக்கம் பொங்கலுக்கு முன் வேப்பிலையும் ஆவாரம்பூவும் சிறுபீளையும் சேர்த்து வீட்டு இறவாணத்தில் செருகுவதைக் காப்புக் கட்டு என்கிறோம். கேடு வருவதற்கு முன் செய்துகொள்வது என்று வகுப்புக்கு வரும் பாட்டிக்குக்கூடச் சொல்லாமலே புரியும்.

இழையில் எழுந்த மற்ற இரண்டு சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. கைப்பேசியில் ஒளிந்து உளவு பார்க்கும் ‘ஸ்பைவேர்’ என்பதற்கு, திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தைக் காட்டி ‘ஒற்றுநிரல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல வேர்தான், ஆனால் இன்றைக்கு ஒற்று என்றால் வல்லினம் மிகுமா மிகாதா என்பதே நினைவுக்கு வருகிறது. 2021இல் பெகாசஸ் என்ற ஸ்பைவேர் பற்றிய செய்திகளின்போதே நாளிதழ்களில் ‘உளவு மென்பொருள்’ ஊன்றிவிட்டது. அதைப் பிடுங்க வேண்டாம். மால்வேருக்குச் சொல்லும் ‘தீம்பொருள்’ என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம். தீம்பால், தீஞ்சுவை, தீந்தமிழ் என்று வழங்கும் மொழியில் அது இனிய பொருள் என்றல்லவா ஒலிக்கிறது! தீவினை, தீநட்பு வழியில் ‘தீநிரல்’ என்பதே சரி.

வகுப்புக்கு ஒரு பக்கத் துண்டறிக்கை தயாராக இருக்கிறது. ‘தினமும் செய்யும் காப்புப் பழக்கங்கள்’ என்று தலைப்பிட்டிருக்கிறேன். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் அழைக்க வேண்டிய 1930 எண்ணைக் கீழே பெரிதாகப் போட்டிருக்கிறேன். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் யாருக்காவது கிடைத்தால் அதற்குள் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்.