புது வண்டியில ஃபோர் லோ விழ மாட்டேங்குது. பழைய ஜீப்பே தேவலையா?

போடி ஏலத்தோட்டம்

எல்லாருக்கும் வணக்கம். போடிமெட்டு ஏறி பூப்பாறை பக்கம் தோட்டத்துக்குப் போற வண்டி. டீசல், மேனுவல் கியர், ஃபோர் வீல் போட லீவர் கிடையாது, திருகுற குமிழ்தான். கம்பெனி பேர் வேண்டாம்.

தோட்டத்து ஏத்தத்துல நிறுத்தி ஃபோர் லோ (நாலு வீலும் மெதுவா, பலமா இழுக்குற கியர்) திருப்பினா விளக்கு மினுக்கிக்கிட்டே இருக்கு. சில சமயம் விழுது, பல சமயம் இல்ல. மெட்டு ரோட்டுக்கு வந்து டூ ஹைக்கு (ரெண்டு வீல் மட்டும் இழுக்குற சாதா ஓட்டம்) மாத்தினாலும் அதே மினுக்கல். சேத்துல ஒரு வீல் சுத்த ஆரம்பிச்சா ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் இன்ஜின் அடங்கிப் போகுது. சர்வீஸ்ல ஸ்கேனர் போட்டுட்டு "எர்ரர் ஒண்ணும் இல்ல சார்"னு அனுப்பிடறாங்க.

பழைய மஹிந்திரா ஜீப் எம்.எம். 540-ல ரெண்டு லீவரை இழுத்தா வேலை முடிஞ்சுது. இதை வித்துட்டு நல்ல பழைய ஜீப்பா பார்த்து வாங்கிடலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கம்பம்மெட்டு டீசல்

அண்ணே, விக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. எர்ரர் இல்லன்னு அவங்க சொல்றது அனேகமா உண்மைதான். டிரான்ஸ்ஃபர் கேஸ்ல (இழுவையை முன் வீலுக்கும் பின் வீலுக்கும் பிரிக்கிற பெட்டி) ஹை, லோ மாறுற இடத்துல சிங்க்ரோ, அதாவது பல்லோட வேகத்தைச் சமமாக்குற அமைப்பு, கிடையாது. பல்லுக்கு நேரா பல் வந்து முட்டினா உள்ள போகாது. லீவர் வண்டியில அந்த முட்டல் கையில தெரியும், கிளட்சை லேசா விட்டு மறுபடி இழுப்பீங்க. குமிழ் வண்டியில மோட்டார் தள்ளிட்டு, பல் சேர்ற வரைக்கும் ஸ்பிரிங் அழுத்தத்தோட காத்திருக்கும். அந்தக் காத்திருப்புதான் மினுக்கல். வண்டியைப் பொறுத்தவரை அது கோளாறு இல்ல, அதனால எர்ரர் கோடும் பதிவாகாது.

ஏத்தத்துல நிறுத்திட்டுப் போடாதீங்க. ஏத்தம் தொடங்குறதுக்கு முன்னாடி சமதளத்துல நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை அடி வரைக்கும் மிதிச்சுத் திருப்புங்க. அஞ்சு விநாடி பாருங்க. விழலைன்னா பிரேக்கை லேசா விட்டு வண்டியை அரை அடி உருள விடுங்க, பல் சேர்ந்துடும். பல வண்டிகள்ல கிளட்ச் பெடலுக்கு மேல ஒரு சுவிட்ச் உண்டு. பெடல் முழுசா இறங்கினாத்தான் அது சிக்னல் குடுக்கும். தடிமனான ரப்பர் மேட் போட்டிருந்தா முதல்ல அதை எடுத்துட்டுப் பாருங்க. இந்தச் சில்லறை விஷயத்துக்கு டிரான்ஸ்ஃபர் கேஸையே இறக்கினவங்க உண்டு.

இன்னொண்ணு முக்கியம். ஹையில இருந்து லோவுக்குப் போகும்போது நடுவுல ஒரு நியூட்ரல் வரும். அந்த நேரத்துல கியர்ல போட்டிருந்தாலும் வண்டி உருளும். சரிவுல இதைச் செய்யவே கூடாதுன்னு சொல்றது அதுக்கும்தான்.

டூ ஹைக்கு வராதது வேற கதை. தார் ரோட்டுல ஃபோர் ஹை (நாலு வீலும் சாதா வேகத்துல இழுக்குறது) போட்டு ஒரு கொண்டை ஊசி திரும்பினாலே போதும். முன் வீல் ஓடுற வட்டம் பெருசு, பின் வீலோடது சின்னது. நடுவுல டிஃப்ரன்ஷியல் (ரெண்டு பக்கத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) இல்லாததால அந்த வித்தியாசம் ரெண்டு புரொப்பல்லர் ஷாஃப்டையும் முறுக்கி வச்சிடும். மண்ணுல டயர் கொஞ்சம் வழுக்கி முறுக்கு தானா அவிழும். தார்ல அவிழாது. போடிமெட்டுல 17 கொண்டை ஊசி இருக்கு, நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. அவிழ்க்கணும்னா நேரா 10 மீட்டர் ரிவர்ஸ் எடுங்க, இல்லன்னா ஓரத்து மண்ணுல இறக்கி நேரா ஓட்டிக்கிட்டே ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதிங்க. பழைய ஜீப்புலயும் இதே முறுக்குத்தான். அதுல லீவர் இறுகிப் போய் ரெண்டு கையால இழுக்க வேண்டி வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சின்னமனூர் பட்டறை

மேல சொன்னது சரி. அதையும் செஞ்சு விழலைன்னா கரண்டைப் பாருங்க. மோட்டார் திரும்புற நொடியில நல்லா கரண்ட் இழுக்கும். ராத்திரி முழுக்க நின்ன பேட்டரியில மீட்டர் 12.6 காட்டணும். 12.2-க்குக் கீழ இருந்தா பாதிதான் சார்ஜ். கூடுதல் லைட், ஆம்ப்ளிஃபயர் மாட்டினவங்க எர்த்தை எங்க குடுத்திருக்காங்கன்னும் பாருங்க.

அடுத்தது டிரான்ஸ்ஃபர் கேஸ் மோட்டாரோட கனெக்டர். வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் தண்ணிய நேரா அங்க அடிப்பாங்க. கழட்டிப் பார்த்தா பின்னு பச்சை பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, நல்லாக் காய விட்டு, சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவி மாட்டுங்க. மழைக்காலம் வந்தா மட்டும் ஃபோர் வீல் தொடுறதுன்னு வச்சுக்காதீங்க. மாசம் ஒரு தடவையாவது மண் ரோட்டுல போட்டு ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் ஓட்டுங்க. மோட்டாரும் இறுகாது, முன் டிஃப்ரன்ஷியல் ஹவுசிங்ல ஆயிலும் சுத்தும்.

ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்து எரிஞ்சா கதை வேற. வீல் ஸ்பீடு சென்சார்ல சேறோ இரும்புத் தூளோ ஒட்டியிருக்கும். அது சரியாகாம சும்மா சுத்துற வீலை பிரேக் மூலமா பிடிக்கிற வசதியும் வேலை செய்யாது.

சூரியநெல்லி சவாரி

பழைய ஜீப்பைக் கொஞ்சம் ஓவரா தூக்கி வைக்கிறீங்க. 540-ல ரெண்டு டிஃப்ரன்ஷியலும் திறந்த மாதிரிதான், பூட்டு கிடையாது. முன்னாடி ஒரு வீல், பின்னாடி ஒரு வீல் குறுக்கால அந்தரத்துல நின்னா ஃபோர் லோவுல கூட ரெண்டு வீல் சும்மா சுத்தும், வண்டி நகராது. கொழுக்குமலை பாறை ரோட்டுல அப்படி நிக்கிறப்போ டிரைவர் கையில இருக்கிறது கல்லு வைக்கிறது மட்டும்தான்.

உங்க மூணாவது பிரச்சினை, சேத்துல வீல் சுத்துறது, பாதி மிதிக்கிற விதத்துல இருக்கு. வீல் சுத்தினதும் காலை எடுக்கணும்னு பழைய வண்டி பழக்கிடுச்சு. இதுல பிரேக் மூலமா பிடிக்கிற முறை வீல் சுத்தினதுக்கு அப்புறம்தான் வேலையே ஆரம்பிக்கும். காலை எடுத்தா அதுவும் விட்டுடும். சீரா ஒரே அளவு மிதிச்சுப் பிடிங்க. கரகரன்னு சத்தம் வரும், வரட்டும். ரொம்ப நேரம் சுத்த விட்டா பிரேக் சூடாகி சிஸ்டம் தன்னைத்தானே நிறுத்திக்கும், அப்போ அஞ்சு பத்து நிமிஷம் ஆற விடணும்.

மீதிப் பாதி, இன்ஜின் அடங்குறது, ஈ.எஸ்.பி.யோட (வண்டி வழுக்காம பாத்துக்கிற எலக்ட்ரானிக் அமைப்பு) வேலை. ஃபோர் ஹையில சேத்துல இறங்குறதுக்கு முன்னாடி அந்த பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணுங்க. ஃபோர் லோ விழுந்துட்டா பல வண்டிகள்ல அது தானாவே ஒதுங்கிக்கும். தாருக்கு வந்ததும் மறக்காம ஆன் பண்ணுங்க.

பின்னாடி மெக்கானிக்கல் லாக் (டிஃப்ரன்ஷியலைத் தானா பூட்டுறது) இருக்கிற வண்டின்னா இன்னும் தைரியமா மிதிக்கணும். ஒரு வீல் இன்னொண்ணைவிட நிமிஷத்துக்கு 100 சுத்து அதிகம் ஓடினாத்தான் "டக்"னு பூட்டும். பயந்து பயந்து மிதிச்சா பூட்டவே பூட்டாது.

ஆனா இறக்கத்துக்கு நான் பழைய கட்சிதான். ஹில் டிசென்ட் பட்டன் (இறக்கத்துல வேகத்தைத் தானா அடக்குறது) பிரேக்கைத்தான் தின்னுது. நீளமான இறக்கம்னா ஃபோர் லோ, ஃபர்ஸ்ட் கியர், கால் பெடல்ல இருந்து தள்ளியே இருக்கட்டும்.

போடி ஏலத்தோட்டம்

ரப்பர் மேட் தடிமன்தான், எடுத்துட்டுப் பாக்குறேன். ஒரு சந்தேகம். முன்னாடி ரெண்டும் புது டயர், பின்னாடி ரெண்டும் பாதி தேஞ்சது. இதுக்கும் முறுக்குக்கும் சம்பந்தம் இருக்கா?

கம்பம்மெட்டு டீசல்

நிறையவே இருக்கு அண்ணே. பின் டயர் 5 மி.மீ. தேஞ்சிருந்தா ஒரு சுத்துக்கு 31 மி.மீ. குறையும். சுத்தளவு 2.4 மீட்டர் டயருக்கு 100 மீட்டர் ஓடினா ஒண்ணே கால் மீட்டருக்கு மேல வித்தியாசம் வரும். நேர் ரோட்டுலயே முறுக்கிக்கும், வளைவே வேண்டாம். நாலும் ஒரே கம்பெனி, ஒரே டிசைன், ஒரே தேய்மானமா இருக்கணும். இனிமே 8,000, 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்னும் பின்னும் மாத்திப் போடுங்க. காத்தும் நாலுலயும் பாருங்க. தோட்டத்துக்குள்ள 22 பி.எஸ்.ஐ. வரைக்கும் இறக்கலாம், மெட்டு ரோட்டைத் தொடுறதுக்கு முன்னாடி கம்பெனி சொன்ன அளவுக்கு ஏத்திடணும்.

சின்னமனூர் பட்டறை

ஓடை தாண்டுற வழி இருந்தா ஹவுசிங்ல இருந்து மேல போற மூச்சு டியூபையும் பாருங்க. சூடா இருக்கிற ஹவுசிங் குளிர்ந்த தண்ணியில இறங்கினா உள்ள காத்து சுருங்கும். டியூப் சேறு அடைச்சிருந்தா ஆயில் சீல் வழியா தண்ணிய இழுத்துக்கும். ஆயில் பிளக்கைக் கழட்டிப் பாருங்க, பால் கலர்ல இருந்தா ரெண்டு ஹவுசிங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் மூணுலயும் ஆயில் மாத்தணும். டயருக்கு முன்னாடி அதைச் செஞ்சுடுங்க.