ரோச்டேல் கால்வாய்: கைவிட்ட லாக்கில் சுவரை இடித்துக் கதவு மாட்டினால் போதாதா?

கரைமேடு (கேள்வி)
இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கும் சவர்பி பிரிட்ஜுக்கும் இடையே 32 மைல், பஞ்சும் நிலக்கரியும் போன பாதை. 1804இல் முழுதாகத் திறந்து, 1952இல் பெரும்பகுதியை மூடி, 2002இல் மறுபடி படகு விட்டார்கள். மூடிக் கிடந்த காலத்துப் படங்களில், லாக்கின் (தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கதவுத் தொட்டி) மேல்கதவு இருந்த இடத்தில் கான்கிரீட் சுவர். ஏரிக் கலிங்கு மாதிரி அதன்மேல் தண்ணீர் வழிகிறது. கீழ்க்கதவே இல்லை. சுவரை இடித்துக் கதவு மாட்டினால் முடிந்ததுதானே?

குடுமிக்கதவு
கதவு கடைசி வேலை. முதலில் லாக்கின் இரு முனையிலும் சுவரில் இருக்கும் காடியில் செருகு பலகை இறக்கி, பம்ப் வைத்து இறைக்க வேண்டும். மெதுவாக! பின்னால் மண் ஊறிக் கிடக்கும். உள்ளே நின்ற தண்ணீர்தான் சுவருக்கு முட்டு. அதைச் சட்டென்று எடுத்தால் சுவர் உள்பக்கம் வயிறு தள்ளும். சில அங்குலமே போதும், படகு சிக்கிக்கொள்ளும். லாங்கோலன் கால்வாயின் ஹர்ல்ஸ்டன் கீழ் லாக், சுவர் தள்ளிப் படகு சிக்குவதற்குப் பேர்போனதாக இருந்தது.

அடுத்து கதவுக் குடுமி உட்காரும் குழி, கதவு ஒட்டி நிற்கும் வளைவுக் கல், அடியில் நிலைப்படி. இந்த மூன்றில் ஒன்று தேய்ந்திருந்தாலும் புதுக் கதவு ஒழுகும். மேல்மட்டம் 4.2 மீட்டர், கீழ்மட்டம் 1.2 மீட்டர் ஆழம் என்று வையுங்கள்: கீழ்க்கதவு ஜோடிமேல் சுமார் 35 டன் அழுத்தம். அதனால்தான் இரண்டும் மேல்நீரைப் பார்த்துக் கூம்பாகச் சேர்கின்றன. தண்ணீர் தள்ளத் தள்ள இறுகும்.

கரைமேடு
எல்லா லாக்கும் ஒரே இறக்கம் என்கிறார்களே, கதவை மொத்தமாகச் செய்து வைக்கலாமே?

குடுமிக்கதவு
கால்வாயின் பொறியாளர் வில்லியம் ஜெசப் போட்ட திட்டம் அதுதான். ஆனால் 200 வருடத்தில் கல் இறங்கி, சாய்ந்து, ஒவ்வொன்றும் ஒரு அளவு. தனித்தனியாக அளந்தே ஆக வேண்டும். ஓக் மரத்தைக் காயவைத்து மாட்டாதீர்கள், வெடிக்கும். ஈரமாக மாட்டினால் ஊறி இடுக்கு அடையும். மிச்சக் கசிவுக்குப் பழைய வழி: மேல்பக்கம் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டுவது. ஓட்டமே அதை இடுக்கில் இழுத்துச் செருகிவிடும்.

வடகரை
லாக்கைவிட ரோடும் தண்ணீரும்தான் வருடங்களைத் தின்றன. சவர்பி பிரிட்ஜில் ரோட்டுக்கு அடியில் சுரங்கம் போட்டு, 3, 4ஆம் எண் லாக்குகளுக்குப் பதில் டூயல் லேன் (Tuel Lane) என்ற இடத்தில் ஒரே ஆழ லாக் கட்டினார்கள் (1996, இறக்கம் ஏறக்குறைய 6 மீட்டர்). எம்62 நெடுஞ்சாலை கால்வாயை அடைத்திருந்தது. பண்ணைக்காக விட்டிருந்த அடிப்பாதை வழியாகக் கால்வாயையே திருப்பினார்கள். என் கணிப்பில் மொத்தத் திட்டத்திலும் கெட்டிக்கார வேலை அது.

தண்ணீர்க் கணக்கு: 72 அடி நீளம், 14 அடி அகலம், 10 அடி இறக்கம் என்றால் ஒரு தடவைக்கு சுமார் 285 கன மீட்டர். மலை உச்சியைத் தாண்டும் படகு இரண்டு பக்கமும் அவ்வளவு இறக்கும். கால்வாயின் நீர்த்தேக்கங்களோ 1923லேயே குடிநீருக்குப் போய்விட்டன. ஆகவே முடிந்த இடத்தில் இரண்டு படகைச் சேர்த்தே விட வேண்டும்.

இன்னொன்று, ஓக் கதவுக்கு ஆயுள் ஏறக்குறைய 25 வருடம். 2002க்காக மாட்டியவை இப்போது மாற்றும் வயதுக்கு வந்துவிட்டன.