பங்கு வீட்டின் கணக்கும் காரியங்களும்: இணையத்திலா, பேரேட்டிலா?

நெற்குப்பையான் (சிங்கப்பூர்):

எங்கள் ஐயாவின் அப்பச்சி (அப்பா) கட்டிய, நடுமுற்றமுள்ள செட்டிநாட்டு வளவு வீட்டுக்கு இன்று பதினொரு பங்கு. சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் என்று சிதறியிருக்கும் பங்காளிகள் அனைவரும் வீட்டுக் காரியங்களை ஒரே வாட்ஸ்அப் குழுவில்தான் பேசி வருகிறோம். மின்கட்டணம் கட்டியாயிற்றா, காவல்காரருக்குச் சம்பளம் போயிற்றா, ஐப்பசி மழைக்கு முன் இரண்டாங்கட்டுக் (வீட்டின் இரண்டாம் பகுதி) கூரை ஓடுகளைப் பிரித்து அடுக்க ஆள் சொல்லியாயிற்றா என்ற கேள்விகளுக்கெல்லாம் யாரோ ஒருவர் பதில் சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் பதில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் கோயில் படங்களுக்கும் கீழே புதைந்து போயிருக்கும்.

ஆகவே வரவு செலவைக் கூகுள் ஷீட்ஸ் என்ற இணையக் கணக்குத் தாளிலும், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, திதி, வரி கட்டும் நாள் ஆகியவற்றைக் கூகுள் காலண்டரிலும், பழுதுபார்க்கும் வேலைகளை, வேலைக்கு ஓர் அட்டையாகக் காட்டும் ட்ரெல்லோ செயலியில் ஒரு பலகையிலும் வைத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிந்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருவர், கையால் எழுதும் பேரேடே போதும் என்று கடுமையாக மறுக்கிறார்கள். பங்கு வீடு வைத்திருப்பவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

கோட்டையூர் கணக்கர்:

மறுக்கும் பெரியவர்களின் பக்கமே நானும் நிற்கிறேன். இணையம் தெரியாததால் அல்ல. தணிக்கை அலுவலகத்தில் கணினிக் கணக்கோடு நெடுங்காலம் பழகியவன் நான்.

ரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் கொழும்பிலும் வட்டிக்கடை வைத்திருந்த நம் முன்னோர், காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருந்தபடியே அந்தக் கடைகளை நடத்தினார்கள். மூன்று ஆண்டுத் தவணைக்குக் கடையை நடத்தப் போன மேலாள் அன்றாடம் குறிப்பு எழுதி, அதைப் பேரேட்டில் ஏற்றி, கணக்கு நிலையைத் தொகுத்துக் காட்டும் ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்பினார். கடையில் எடுபிடியாக, பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் முதலில் கற்றுக்கொண்டதே அன்றைய கணக்கை அன்றே முடிக்க வேண்டும் என்பதைத்தான். கப்பல் தபாலைத் தவிர வேறு வசதி இல்லாத காலத்தில் இவ்வளவும் ஒழுங்காக நடந்ததற்குக் காரணம், எழுதுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் இன்னொருவர், நாள் தவறக்கூடாது என்ற கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாடு இல்லாத பதினொரு பேரின் கையில் ஒரே தாளைத் திறந்து கொடுத்தால், தாள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கணக்கு நிற்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேரேட்டில் தவறாக எழுதிவிட்டால் அடித்து, பக்கத்தில் திருத்தி, கையொப்பமிடுகிறோம். அடித்தது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ஷீட்டில் 4,500 என்பதை ஒருவர் 5,400 ஆக்கினால் கூட்டுத்தொகையும் உடனே ஓசையில்லாமல் மாறிவிடும். பணம் போட்ட பங்காளிக்கு அது எப்படித் தெரியும்?

பள்ளத்தூரான்:

மென்பொருள் துறையில் இருப்பவன் என்ற முறையில் கணக்கர் அண்ணனுக்கு மரியாதையோடு பதில் சொல்கிறேன். 2006இல் வெளிவந்த நாளிலிருந்தே ஷீட்ஸ் பலர் சேர்ந்து எழுதுவதற்காக அமைந்த கருவி. தாளின் எந்தக் கட்டத்திலும் (cell) யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை அந்தக் கட்டத்தின் திருத்த வரலாற்றைத் திறந்து பார்க்கலாம். முழுத் தாளின் பழைய பதிப்பையும் மீட்டெடுக்கலாம். மாதம் முடிந்த பகுதியை வேறு யாரும் தொடமுடியாதபடி பூட்டி வைக்கவும் வழியிருக்கிறது. பேரேட்டில் ஒரு தாளையே கிழித்தெடுத்துவிட்டால் அதை மீட்க என்ன வழி?

ரங்கூன் கடைகளைப் பற்றிச் சொன்னீர்கள். ஐந்தொகை வந்து சேரும்வரை இங்கிருந்த முதலாளிக்கு அங்கே நடந்தது தெரியாமல் இருந்ததே, அது அந்த முறையின் பலம் அல்லவே. அந்தத் தலைமுறை தன் காலத்தில் கிடைத்த மிக வேகமான வழியைத்தான் பயன்படுத்தியது. நம் காலத்தில் கிடைப்பதை நாம் பயன்படுத்துவது அவர்கள் போன வழியில் போவதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

கோட்டையூர் கணக்கர்:

திருத்த வரலாற்றைத் தம்பி சொல்லியிருக்கிறார். எழுதும் உரிமை உள்ளவருக்குத்தான் அது தெரியும். பார்க்க மட்டும் உரிமை பெற்றவருக்குத் தெரியாது. அப்படியானால் பதினொரு பேரும் சரிபார்க்க வேண்டுமென்றால் பதினொரு பேருக்கும் எழுதும் உரிமை கொடுக்க வேண்டும். சரிபார்ப்பதற்காகவே திருத்தும் அதிகாரத்தைக் கொடுக்கும் ஏற்பாட்டை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார்.

கண்டனூர் ஆச்சி:

நான் வீட்டிலேயே இருப்பவள். நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் வேலையைச் செய்கிறவள். அதனால் என் பேச்சைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் பங்காளிகளும் இரண்டு ஆண்டுக்கு முன் இதேபோல் ஒரு பலகை போட்டார்கள். "ஓடு மாற்றுதல்", "கரையான் மருந்து", "முகப்புத் தூணுக்கு எண்ணெய்" என்று அட்டை அட்டையாக எழுதி, ஒவ்வொன்றிலும் என் பெயரைப் போட்டு, முடிக்க வேண்டிய தேதியும் குறித்தார்கள். எழுதியவர்கள் எல்லோரும் வெளியூர். செய்ய வேண்டியவள் நான் ஒருத்தி. நாள் தாண்டினால் அட்டையில் உள்ள தேதி சிவப்பாக மாறும். உடனே மூன்று பேர் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார்கள். நாட்டு ஓடு அடுக்கத் தெரிந்த கொத்தனார்கள் இங்கே இப்போது விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர் வேறொரு வீட்டு வேலையை முடித்தால்தான் நம் வீட்டுக்கு வருவார். பலகையில் தேதி போடுவதால் அவர் முன்னதாக வந்துவிடமாட்டார். நடந்தது என்னவென்றால், வேலையோடு வேலையாக, வேலையைப் பற்றி எழுதுவதும் என் தலையில் ஏறியது.

ஆனாலும் கணக்கர் அண்ணன் சொல்வதுபோல் எல்லாவற்றையும் பேரேட்டுக்கே கொண்டுபோக வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். பேரேடு என் அலமாரியில் இருந்தால், கணக்குக் கேட்கும் ஒவ்வொருவருக்கும் நான்தான் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஷீட்டைத் திறந்தால் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். அதில் எனக்கு நிம்மதி இருக்கிறது. தமிழில் பேசினாலே கைபேசி எழுதிக்கொள்கிறது, ஆகவே தட்டச்சும் பாரமில்லை. இணையம் போய்விட்டாலும், அந்தத் தாளை முன்கூட்டியே கைபேசியில் வைத்துக்கொண்டால் எழுதலாம். இணைப்பு வந்ததும் தானே சேர்ந்துகொள்கிறது. கணக்கு ஷீட்டில் இருக்கட்டும், பலகை வேண்டாம் என்பதே என் முடிவு.

நெற்குப்பையான் (சிங்கப்பூர்):

ஆச்சி, பலகையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். வேலையைச் செய்கிறவர் தாமே எழுதி வைத்துக்கொள்ளும் பட்டியலும், பிறர் அவர்மேல் சுமத்தும் பட்டியலும் ஒன்றல்ல என்பதை நான் எண்ணிப் பார்க்க வேண்டும். 2024 முதல் ட்ரெல்லோவின் இலவசத் திட்டத்தில் பத்துப் பேருக்கு மேல் சேரவும் முடியாது. எங்கள் பதினொரு பங்குக்கு அது எப்படியும் போதாது.

ஆனால் காலண்டரை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. பங்காளிகள் பேசும் நேரத்தை ஒருமுறை குறித்துவிட்டால் அவரவர் ஊர் நேரத்தில் அவரவருக்கு நினைவூட்டல் வந்துவிடுகிறது. ஐயாவின் திதிக்கு ஒருவரும் தவறாமல் வந்து சேர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கோட்டையூர் கணக்கர்:

காலண்டரில்தான் எனக்கு மிகப் பெரிய கவலை. "ஆண்டுதோறும்" என்று அதில் குறித்தால் அது ஆங்கிலத் தேதியைத்தான் திரும்பக் காட்டும். நம் காரியங்களோ திதியையும் நட்சத்திரத்தையும் பார்த்து நடப்பவை. திருக்கார்த்திகை 2023இல் நவம்பர் 26 அன்று வந்தது. 2024இல் டிசம்பர் 13. 2025இல் டிசம்பர் 3. பிள்ளையார் நோன்புக்கு அதிலிருந்து 21 நாள் எண்ணி, சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும் பொழுது பார்த்து இழை எடுக்கும் சடங்கைச் செய்கிறோம். ஒருமுறை குறித்துவிட்டு மறந்துபோகும் பழக்கம் வந்தால், அயலூரில் வளரும் பிள்ளைகள் தவறான நாளைச் சரியான நாள் என்றே நம்பிவிடுவார்கள். இதைச் சிறிய விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியாது.

பள்ளத்தூரான்:

அண்ணன் சொல்வது முற்றிலும் உண்மை. இந்த இடத்தில் கருவி நமக்காகச் செய்யப்பட்டதல்ல. எங்கள் வீட்டில் மாதம், பட்சம், திதி ஆகியவற்றை ஒரு ஷீட்டில் நிரந்தரமாக எழுதிவைத்து, சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் அப்பத்தாவோடு ஒருவர் உட்கார்ந்து அந்த ஆண்டுக்குரிய தேதிகளை மட்டும் காலண்டரில் ஏற்றுகிறோம். "ஆண்டுதோறும்" என்ற வசதியை இந்தக் காரியங்களுக்குப் பயன்படுத்துவதே இல்லை. மின்கட்டணம், வீட்டுவரி போன்றவற்றுக்கு மட்டும், அவை வரும் இடைவெளிக்கேற்பத் தானே திரும்ப வரும் குறிப்பு பொருந்தும்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. இந்தச் சேவைகள் நமக்குச் சொந்தமல்ல. பலர் நம்பியிருந்த வேலைப் பட்டியல் செயலியான உண்டர்லிஸ்ட்டை மைக்ரோசாஃப்ட் 2015இல் வாங்கி 2020 மே மாதத்தில் மூடியது. குறிப்பெழுதும் செயலியான எவர்நோட் 2023 இறுதியில் இலவசப் பயனாளர்களுக்கு 50 குறிப்புகள்தான் என்று வரம்பு வைத்தது. இரண்டு ஆண்டு பயன்படுத்தாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை நீக்கும் விதியைக் கூகுளும் வைத்திருக்கிறது. பங்கு வீட்டுத் தாள் எந்தப் பங்காளியின் கூகுள் கணக்கில் இருக்கிறதோ, அவர் காலமானால் என்ன ஆகும் என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டும். கணக்கு செயலற்றுப் போனால் யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று முன்கூட்டியே பத்துப் பேர்வரை குறித்துவைக்கும் ஏற்பாடு கூகுளிலேயே இருக்கிறது. நம் ஊர்க்காரர்களில் எத்தனை பேர் அதைச் செய்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கோட்டையூர் கணக்கர்:

தம்பி இப்போது சொன்னது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஆகவே என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அன்றாடம் எழுத ஷீட் இருக்கட்டும். ஆச்சியின் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் மாத முடிவில் ஐந்தொகை எடுத்து, அச்சிட்டு, வீட்டில் இருப்பவர் ஒருவரும் வெளியூர்ப் பங்காளி ஒருவரும் கையொப்பமிட்டுக் கோப்பில் வைக்க வேண்டும். தகராறு வந்தால் அந்தத் தாளே கணக்கு. திரையில் இருப்பது கணக்கல்ல. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

நெற்குப்பையான் (சிங்கப்பூர்):

வெளியூர்ப் பங்காளி மாதந்தோறும் கையொப்பமிட ஊருக்கு வருவது இயலாது, அண்ணே. மின்னஞ்சலில் ஒப்புதல் அனுப்பினால் போதாதா? எல்லோருக்கும் அந்த மின்னஞ்சல் போய்ச் சேரும். தேதியும் அதிலேயே இருக்கும்.

கோட்டையூர் கணக்கர்:

அனைவருக்கும் போகுமென்றால், அந்த மின்னஞ்சலையும் அச்சிட்டு ஐந்தொகையோடு சேர்த்துவைத்தால் ஏற்பேன். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுவதை ஒப்புதலாக ஏற்கமாட்டேன்.

கண்டனூர் ஆச்சி:

அச்சிடுவதையும் கோப்பில் வைப்பதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். தேதி, விவரம், வரவு, செலவு என்று நான்கு பத்திகள் போதும். ஐந்தாவது பத்தி வேண்டும் என்று கேட்கிறவர், அதை மாதந்தோறும் தாமே நிரப்புவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கேட்கட்டும்.