இரவு ஸ்டாக் க்ளோசிங்குக்குப் பிறகு டிஎம்எஸ் லேட்டன்சி எகிறுகிறது, எங்கே பார்ப்பது?

கேள்வி: சிப்காட்_சிஸ்டம்ஸ், ராணிப்பேட்டை

வணக்கம். தோல் யூனிட் ஒன்றின் ஈஆர்பி (ஸ்டாக், கணக்கு எல்லாம் பார்க்கும் சாஃப்ட்வேர்) டேட்டாபேஸ் இங்கே லோக்கல் சர்வரில் மை எஸ்க்யூஎல் 5.7. அமேசான் கிளவுட்டின் மும்பை ரீஜனில் ஆர்டிஎஸ் (அமேசானின் டேட்டாபேஸ் சேவை) மை எஸ்க்யூஎல் 8.0-க்கு டிஎம்எஸ் (டேட்டாபேஸை இடம் மாற்றும் அமேசான் சேவை) மூலம் போகிறது. ஃபுல் லோட் (இருக்கும் டேட்டாவை முழுதாக நகலெடுப்பது) சிக்கலில்லாமல் முடிந்தது, இப்போது சிடிசி (புது மாற்றங்களை உடனுக்குடன் அனுப்புவது) ஓடுகிறது. பகலில் லேட்டன்சி (மாற்றம் போய்ச் சேரும் தாமதம்) சில விநாடிதான். ராத்திரி 11-க்கு ஸ்டாக் க்ளோசிங் ஓடினதும் ஏற ஆரம்பித்து, மறுநாள் காலை பத்து மணிவாக்கில்தான் இறங்குகிறது. க்ளோசிங்கில் சுமார் 40,000 வரிகள் அப்டேட் ஆகும், டேபிளில் 18 லட்சம் வரிகள். இங்கிருந்து கிளவுட்டுக்குப் போகும் விபிஎன் லைன்தான் காரணமா? ரெப்ளிகேஷன் இன்ஸ்டன்ஸை (டிஎம்எஸ் ஓடும் சர்வர்) அடுத்த சைஸுக்கு மாற்றலாமா?

பதில்: காட்பாடி_டிபிஏ

இன்ஸ்டன்ஸைத் தொடாதீங்க, காசுதான் போகும். முதலில் கிளவுட்வாட்சில் (அமேசானின் கண்காணிப்புத் திரை) ராத்திரி 12 மணிக்கு "சிடிசி லேட்டன்சி சோர்ஸ்", "சிடிசி லேட்டன்சி டார்கெட்" இரண்டையும் ஒரே கிராஃபில் போட்டுப் பாருங்க. சோர்ஸ் உங்க லோக்கல் சர்வர், டார்கெட் ஆர்டிஎஸ். டார்கெட் எண்ணுக்குள் சோர்ஸ் தாமதமும் அடங்கும். இரண்டும் சேர்ந்தே ஏறினால் பின்லாக் (மை எஸ்க்யூஎல் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் ஃபைல்) படிப்பதிலோ விபிஎன்னிலோ கோளாறு. சோர்ஸ் தாழ்வாகவே இருந்து டார்கெட் மட்டும் ஏறினால், மாற்றங்கள் மும்பைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன, எழுதுவதில்தான் முடை.

அந்த நேரத்தில் ஆர்டிஎஸ்ஸில் ப்ராசஸ்லிஸ்ட் (இப்போது ஓடும் கட்டளைகளின் பட்டியல்) பாருங்க. ஒரே டேபிளின் அப்டேட் திரும்பத் திரும்ப நின்றால், அதன் எக்ஸ்ப்ளெயினில் (கட்டளை எப்படி ஓடும் என்று காட்டுவது) டைப் "ஆல்", அதாவது முழு டேபிளையும் துழாவுகிறது, என்று வருகிறதா? வந்தால் அந்த டேபிளுக்கு பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் காலம்) இருக்காது. க்ளோசிங் ஒரே ஸ்டேட்மெண்ட்டாக இருந்தாலும் ரோ ஃபார்மேட் (வரிவரியாக எழுதும்) பின்லாக்கில் அது 40,000 தனி மாற்றம். ஒவ்வொன்றுக்கும் 18 லட்சம் வரியைத் துழாவினால், தடவைக்கு ஒரு விநாடி என்றாலே 11 மணி நேரத்துக்கு மேல். உங்க கணக்கோடு ஒத்துப்போகுதே.

சிப்காட்_சிஸ்டம்ஸ்

அதேதான் சார். சோர்ஸ் 3 விநாடி, டார்கெட் மட்டும் ஏறுகிறது. ஸ்டாக் டேபிளில் பிரைமரி கீ இல்லை, ஆனால் லாட் எண்ணுக்கு இண்டெக்ஸ் (வரியைச் சட்டென்று தேட உதவும் அட்டவணை) உண்டே?

காட்பாடி_டிபிஏ

லோக்கலில் உண்டு, ஆர்டிஎஸ்ஸில் இருக்காது. டேபிளை டிஎம்எஸ்ஸே உருவாக்கினால் பிரைமரி கீ வரைக்கும்தான் கொண்டுவரும். மற்ற இண்டெக்ஸ், ஃபாரின் கீ (டேபிள்களை இணைக்கும் கீ), ஆட்டோ இன்க்ரிமெண்ட் (தானாக ஏறும் எண்), ட்ரிக்கர் (மாற்றம் நடந்ததும் தானாக ஓடும் கட்டளை) எதுவும் வராது. இன்றைக்கே டார்கெட்டில் லாட் எண் மேல் இண்டெக்ஸ் போடுங்க, ராத்திரியே வித்தியாசம் தெரியும்.

நிரந்தரமாகச் சரியாக, லாட் எண்ணும் தோல் பதனிடும் ஸ்டேஜும் (வெட் ப்ளூ, க்ரஸ்ட், ஃபினிஷ்ட்) சேர்ந்து திரும்ப வராது என்றால் அதையே பிரைமரி கீ ஆக்குங்க. எந்த வரியிலாவது ஸ்டேஜ் NULL (மதிப்பே இல்லாமல்) என்று இருந்தால், கீ சேர்க்கும் ஆல்டர் கட்டளை அங்கேயே நின்றுவிடும், முதலில் அதைச் சுத்தம் பண்ணணும். டிஎம்எஸ் டாஸ்க்கை நிறுத்தி, இரண்டு பக்கமும் கீ போட்டு, ரெஸ்யூம் செய்து, அந்த டேபிளை மட்டும் ரீலோட். "பேட்ச் அப்ளை" (மாற்றங்களை மொத்தமாக எழுதும் செட்டிங்) அதற்குப் பிறகுதான் பலன் தரும்; கீ இல்லாத டேபிளில் அப்டேட்டை ஒவ்வொன்றாகத்தான் எழுதும்.

பதில்: வாலாஜா_கிளவுட்

ரீலோட் பண்ணுவதற்கு முன் ஒரு விஷயம். டாஸ்க் செட்டிங்கில் டேபிள் பிரெப் மோட் "ட்ராப்"-இல் (டேபிளையே நீக்கி மறுபடி உருவாக்குவது) இருந்தால், போட்ட இண்டெக்ஸும் டேபிளோடு போய்விடும். "ட்ரங்கேட்"டுக்கு (வரிகளை மட்டும் அழிப்பது) மாற்றிவிட்டு ரீலோட் கொடுங்க.

டாஸ்க் நிற்கும்போது லோக்கல் பின்லாக் அழியக்கூடாது. அழிந்தால் 1236 எரர் வரும், ரெஸ்யூம் ஆகாது, முழு லோடும் மறுபடி. 'எக்ஸ்பயர் லாக்ஸ் டேஸ்' (பின்லாக்கை எத்தனை நாள் வைத்திருப்பது) 1 என்று இருந்தால் 7 ஆக்குங்க, டிஸ்க்கில் இடம் இருக்கா பார்த்துட்டு. நம்ம பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகல் முழுக்க நீளும், ஒரு நாள் இருப்பை நம்ப முடியாது.

ட்ரிக்கரை கட்ஓவருக்கு (ஈஆர்பியை ஆர்டிஎஸ்ஸுக்கு மாற்றும் நாள்) முன் டார்கெட்டில் ஏற்றிடாதீங்க. லோக்கல் ட்ரிக்கர் செய்த மாற்றம் ஏற்கெனவே பின்லாக்கில் வருது. டார்கெட்டிலும் ஓடினா ஸ்டாக் இரண்டு தடவை கழியும். ஸ்கீமா டம்ப் (டேபிள் அமைப்பின் நகல்) எடுத்தா மை எஸ்க்யூஎல் டம்ப் ட்ரிக்கரையும் தானாகவே சேர்க்கும், 'ஸ்கிப் ட்ரிக்கர்ஸ்' கொடுக்கணும்.

கட்ஓவர் அன்று ஈஆர்பி எழுதுவதை நிறுத்தி, டார்கெட் லேட்டன்சி பூஜ்யம் ஆன பிறகு ஆட்டோ இன்க்ரிமெண்ட், ட்ரிக்கர், அப்புறம் டைம் ஸோன். ஆர்டிஎஸ் இயல்பாக யுடிசி (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலக நேரம்). அப்படியே விட்டா 11 மணி க்ளோசிங் ஈவெண்ட் நமக்கு விடியற்காலை 4.30-க்கு ஓடும். பாராமீட்டர் குரூப் பட்டியலில் "ஏசியா/கல்கத்தா" என்று தேடுங்க.