எல்லிஸ் நகர் வீடு

பெரிய மாமா: வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

பெரிய மாமா: செல்ஃப் போட்டால் டக் டக் என்கிறது. அவ்வளவுதான்

அம்மா: எந்த வண்டி அண்ணே

பெரிய மாமா: நம் வீட்டில் எத்தனை வண்டி நிற்கிறது

தேவி: அப்பா!! காலையில் 4 மணிக்குக் கிளம்ப வேண்டும். பழனியில் 8 மணிக்கு மொட்டை, காதுகுத்து என்று எல்லாருக்கும் சொல்லியாச்சு

குமார்: ஹெட்லைட் எரிகிறதா பெரியப்பா

பெரிய மாமா: நம் தெரு விளக்கு மாதிரி எரிகிறது

சின்ன மாமா: அண்ணே பதற வேண்டாம், பேட்டரி இறங்கியிருக்கிறது, செத்துவிடவில்லை. கண் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரமாக வண்டியை எடுக்கவே இல்லை, நானும் இரண்டு தரம் சொன்னேன், வாரத்துக்கு ஒருமுறை குமாரை ஓட்டச் சொல்லுங்கள் என்று. நல்ல பேட்டரி சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும், 12-க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்ட காலி. எஞ்சின் ஓடினால் 14 வரை வரும், அப்போதுதான் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். டிப்போவில் 31 வருஷம் இதைத்தானே பார்த்தேன்

முத்து: ஆரம்பித்துவிட்டார்

பெரிய மாமா: நான்தான் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிஷம் ஓடவிட்டேனே

சின்ன மாமா: அதுதான் தப்பு. செல்ஃபுக்கு எடுத்த கரண்ட் அந்த இரண்டு நிமிஷத்தில் எங்கே திரும்ப ஏறும். திருமங்கலம் வரை போய்வந்தால் சரி. போதாததற்கு உங்கள் பையன் மாட்டிவிட்டுப் போன கேமரா வேறு, சாவியை எடுத்த பிறகும் ராத்திரி பகலாகக் குடிக்கிறது

முத்து: சித்தப்பா, யாரோ வண்டியில் கோடு போட்டுவிட்டார்கள் என்று அப்பாதான் கேட்டார்

அம்மா: கோடு போட்டது யாரென்று தெரிந்ததா

குமார்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தேவி: 😂😂 குமாரு

பெரிய மாமா: (படம்)

சின்ன மாமா: பேட்டரியில் வயர் மாட்டுகிற டெர்மினல் இப்படிப் பூத்திருக்கிறதே. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்க்க வேண்டும், மூடிக்குள் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். துடைத்த பிறகு மேலே கொஞ்சம் வாசலின். தண்ணீர் எப்போது ஊற்றினீர்கள்

பெரிய மாமா: போன மாதம். கேன் தண்ணீர்

சின்ன மாமா: அண்ணே!!!

பெரிய மாமா: நாம் குடிக்கிற தண்ணீர்தானே, சுத்தமானது

சின்ன மாமா: நமக்குச் சுத்தம். அதிலும் உப்பு இருக்கும், பிளேட்டைக் கெடுத்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் தவிர எதையும் ஊற்றக் கூடாது. இது 2021-ல் வாங்கிய பேட்டரி, நம் ஊர் வெயிலுக்கு இவ்வளவு நாள் வந்ததே பெரிது

அம்மா: அதை விடுங்கள், முத்து வரவில்லையே, பிள்ளையை யார் மடியில் வைப்பது

சின்ன மாமா: குமாருக்குப் பட்டு வேட்டி எடுத்தாச்சு

பெரிய மாமா: அதை அப்புறம் பேசலாம்

முத்து: நான் வீடியோ காலில் இருப்பேன்

அம்மா: வீடியோ காலில் மடி ஏதுடா

நான்: பக்கத்து வீட்டு சாரிடம் கார் இருக்கிறதே, அதன் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஜம்ப் கொடுக்கலாமே

பெரிய மாமா: அந்த ஆளிடம் நான் கேட்க மாட்டேன்

தேவி: இன்னுமா அந்த முருங்கை மரம்

சின்ன மாமா: யார் வண்டியானாலும் சரி, குமார் கேட்டுக்கொள். சிவப்பு முதலில் நம் பேட்டரி பிளஸ், மறுமுனை அவர் பிளஸ். கறுப்பு அவர் மைனஸ், கடைசி முனையை நம் மைனஸில் மாட்டாதே, எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் பிடி. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், கிட்டத்தில் பொறி விழுந்தால் வெடிக்கும்

பெரிய மாமா: இவ்வளவு தெரிந்தவன்தான் தேவி கல்யாணத்தில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தாய். மாப்பிள்ளை மண்டபத்துக்கு ஆட்டோவில் வந்தார்

சின்ன மாமா: அது டிரைவர் செய்தது. எத்தனை தரம் சொல்வது

தேவி: அவர் இன்னும் அந்த ஆட்டோவைப் பற்றித்தான் பேசுகிறார்

குமார்: தள்ளி ஸ்டார்ட் செய்தால் என்ன? நண்பர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். சாவியைப் போட்டு, செகண்ட் கியர், கிளட்ச்சை விட்டால் போதும்

பெரிய மாமா: 9 மணிக்கு இந்தச் சந்தில் தள்ளினால் தெருவே வேடிக்கை பார்க்கும்

தேவி: வேன்காரரிடம் கேட்டேன், 10 மணிக்குள் சொல்லச் சொன்னார்

பெரிய மாமா: அந்த ஆளே கேபிளோடு வந்து நிற்கிறார். யார் சொன்னது

நான்: 🙏

சின்ன மாமா: சிவப்பு முதலில்!! மாட்டிவிட்டுப் படம் அனுப்புங்கள்

பெரிய மாமா: ஸ்டார்ட் ஆகிவிட்டது

சின்ன மாமா: நல்லது. அணைக்காமல் அப்படியே ஒரு அரைமணி நேரம் ரிங் ரோட்டில் ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்

பெரிய மாமா: அணைத்துவிட்டேன்

தேவி: அப்பா

குமார்: வந்துகொண்டே இருக்கிறேன்

தேவி: வேனுக்கே சொல்லிவிடட்டுமா

சின்ன மாமா: வேண்டாம், காலையில் 3 மணிக்கு நான் வந்து பார்க்கிறேன்

பெரிய மாமா: நீ வர வேண்டாம்

அம்மா: பூ யார் வாங்குவது