வெற்றிடப் பையில் வெனீர் ஒட்டுதல்: மீட்டர் 21.5 அங்குலத்தைத் தாண்டவில்லை

கொடைத் தச்சன்:
அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானலில் சிறிய தச்சுப் பட்டறை நடத்துகிறேன். அலமாரிக் கதவுகளுக்கு வெனீர் (மெல்லிய மரத் தாள்) ஒட்டுவதற்காகக் கோவையில் ஒரு வெற்றிடப் பம்பும் தடித்த பிளாஸ்டிக் பையும் வாங்கினேன். கடையில் ஓட்டிக் காட்டியபோது, பையிலிருந்து எவ்வளவு காற்று வெளியேறியது என்பதைப் பாதரச அங்குலத்தில் காட்டும் மீட்டரின் முள் 27 அங்குலத்தில் நின்றது. அதே பம்பு இங்கே 21.5 அங்குலத்திற்கு மேல் ஏற மறுக்கிறது. குழாய் இணைப்புகளை இரண்டு முறை கழற்றி மாட்டிவிட்டேன். சென்ற வாரம் எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த) பலகையின் ஒரு பக்கத்தில் 0.5 மி.மீ. தேக்கு வெனீரை வெள்ளைப் பசையால் ஒட்டி, இரவு முழுவதும் பையிலேயே விட்டுக் காலையில் எடுத்துப் பார்த்தால், நடுவில் உள்ளங்கை அகலத்திற்கு உப்பியிருந்தது. பலகையும் சற்று வளைந்துவிட்டது. பம்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

உதகைவாசி:
பம்பின் மீது குற்றமில்லை, ஐயா. பலகையை அழுத்துவது பம்பு அன்று, பைக்கு வெளியே இருக்கும் காற்று. பம்பு உள்ளிருக்கும் காற்றை எடுத்துவிட்டு அதற்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான். கடல் மட்டத்தில் ஏறத்தாழ 30 அங்குலப் பாதரசம் அளவுக்கு இருக்கும் காற்றழுத்தம், 411 மீட்டர் உயரத்திலுள்ள கோவையில் 28.5 ஆகவும், 2,100 மீட்டருக்கு மேலுள்ள கொடைக்கானலில் 23 ஆகவும் குறைந்துவிடுகிறது. ஆகவே கோவையில் 27 காட்டிய பம்பு உங்கள் பட்டறையில் 21.5 காட்டுவது முற்றிலும் சரியான கணக்கு. இரண்டு இடத்திலும் அது மிச்சம் வைப்பது ஒன்றரை அங்குலக் காற்றைத்தான். 21.5 அங்குலம் என்றால் ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 690 கிலோ எடை ஏற்றியதற்குச் சமம். அரை மில்லிமீட்டர் வெனீருக்கு அது தாராளம். கசிவு உண்டா என்ற ஐயம் தீர வேண்டுமானால், வால்வை மூடிப் பம்பை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் முள்ளைக் கவனியுங்கள்.

கோத்தகிரி ஆசாரி:
அழுத்தத்தைப் பற்றி மேலே சொன்னது சரி. எனக்குச் சந்தேகம் குளிரின் மீதுதான். வெள்ளைப் பசை குறிப்பிட்ட வெப்பத்திற்குக் கீழே போனால் படலமாக இறுகாமல் சுண்ணாம்புப் பொடி போல வெளுத்து உதிரும். மார்கழி இரவில் நம் பட்டறைத் தரை எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, பிளாஸ்டிக் பைக்குள் பசையின் ஈரம் வெளியேற வழியில்லாமல் பலகைக்குள்ளேயே இறங்க வேண்டியிருப்பதால், திறந்த வெளியில் பற்றுக் கட்டை போட்டு இறுக்குவதைவிட இங்கே கூடுதல் நேரம் விட வேண்டும். பலகை வளைந்ததற்குக் காரணம் வேறு: ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அந்தப் பக்கம் உலரும்போது இழுக்கும், பின்பக்கத்திலும் மலிவான வெனீர் ஒன்றைக் கட்டாயம் ஒட்டுங்கள். இங்கே தேயிலைத் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக் அதற்குப் போதும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், ஒட்டும் முகத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே பசை தடவுங்கள்.

கொடைத் தச்சன்:
இருவருக்கும் நன்றி. பத்து நிமிடம் பார்த்தேன், முள் அசையவில்லை. உப்பிய இடத்தைக் கீறிப் பார்த்ததில் ஆசாரி சொன்னபடியே உள்ளே வெள்ளைப் பொடிதான் இருந்தது. வீட்டில் எல்லோரும் சொல்வதுபோல இஸ்திரிப் பெட்டியை வைத்து அமுக்கினால் ஒட்டிக்கொள்ளுமா?

கோத்தகிரி ஆசாரி:
ஒட்டாது. படலமாக இறுகிய வெள்ளைப் பசைதான் சூட்டில் இளகி மறுபடி பிடிக்கும், பொடியானது பொடியானதுதான். மரத்தின் ரேகை வழியே கூரிய பிளேடால் கீறி, பொடியை முடிந்தவரை சுரண்டி எடுத்து, ஊசிக் குழலால் புதிய பசை செலுத்தி, மேலே பாலித்தீன் தாள் விரித்து மீண்டும் பையில் போடுங்கள். இம்முறை பலகை, வெனீர், பசை டப்பா மூன்றையும் முந்தைய நாளே அடுப்படிக்குப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, ஒட்டும் வேலையையும் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

உதகைவாசி:
ஒன்று விட்டுப்போயிற்று. நம் ஊர்களில் மழைக்காலத்தில் மின்சாரம் எந்நேரம் போகும் என்று சொல்ல முடியாது. பம்புக்கும் பைக்கும் இடையே காற்றைத் திரும்ப விடாத வால்வு ஒன்றைப் பொருத்தாமல் இரவில் பையை நம்பித் தூங்கப் போகாதீர்கள். நான் ஒரு முறை தூங்கி, ஒரு மேசைப் பலகையை இழந்திருக்கிறேன்.