தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தும் கியூஜிஐஎஸ்ஸில் மலைகள் திணறித் திணறி வருகின்றன: உதவி தேவை

கேள்வி (பென்னாகரம்)

வணக்கம். பஞ்சப்பள்ளி அணையிலிருந்து ஒகேனக்கல் வரை சின்னாற்றில் வந்து சேரும் ஓடைகளையும் ஏரிகளையும், தருமபுரி மாவட்ட நிலத்தோற்றத்தின் மேல் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து வருகிறேன். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற எஸ்ஆர்டிஎம் (விண்ணோட ரேடார் அளவீடு) உயரத் தரவின் நான்கு கட்டங்களை இறக்கி, விர்ச்சுவல் ராஸ்டராக (தரவை நகலெடுக்காமல் ஒன்றாகக் காட்டும் கோப்பு) இணைத்து, திட்டத்தை யுடிஎம் (மீட்டரில் அளக்கும் ஆயத்தொலைவு முறை) 44 மண்டலத்தில் வைத்திருக்கிறேன். படத்தைச் சற்று நகர்த்தினாலும் ஹில்ஷேட் (மலைநிழல் படம்) முழுவதும் புதிதாக வரையப்படும் வரை காத்திருக்க வேண்டியுள்ளது. முப்பரிமாணச் சாளரத்தை வத்தல்மலைப் பக்கம் திருப்பினால், மலை துண்டு துண்டாக வந்து ஒட்டிக்கொள்கிறது. மடிக்கணினியில் 16 ஜிபி நினைவகமும் 4 ஜிபி தனி கிராபிக்ஸ் கார்டும் உள்ளன. அமைப்புகளில் ஓப்பன்சிஎல் முடுக்கத்தை (கணக்குகளைக் கிராபிக்ஸ் கார்டில் ஓட்டும் வசதி) இயக்கிய பிறகும், டாஸ்க் மேனேஜரில் தனி கார்டான ‘ஜிபியு 1’ பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. கார்டு பழுதாகிவிட்டதா?

மறுமொழி (கிருஷ்ணகிரி)

கார்டில் பழுது இருக்காது, ஐயா. இங்கே இரண்டு வேறு வேலைகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. கியூஜிஐஎஸ் 3.4 முதல் கிடைக்கும் ஓப்பன்சிஎல் முடுக்கம், ஹில்ஷேட், சரிவு, சரிவுத்திசை போன்ற கணக்குகளை மட்டுமே கார்டிடம் ஒப்படைக்கும்; இருபரிமாண வரைபடத்தின் மற்ற வேலைகளை எல்லாம் செயலியே (சிபியு) செய்கிறது. முப்பரிமாணச் சாளரம் ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகம் வழியாகக் கார்டைப் பயன்படுத்தும் என்றாலும், எந்தக் கார்டு என்பதை விண்டோஸ்தான் முடிவு செய்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக அது பெரும்பாலும் செயலியோடு இணைந்த கிராபிக்ஸையே கொடுத்துவிடும்.

எனவே முதலில் கியூஜிஐஎஸ் அமைப்புகளின் அக்சிலரேஷன் பக்கத்திலுள்ள சாதனப் பட்டியலில் தனி கார்டுதான் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் ‘கிராபிக்ஸ்’ பக்கத்தைத் திறந்து, கியூஜிஐஎஸ்ஸைச் சேர்த்து, ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்று வையுங்கள். அங்கே டெஸ்க்டாப்பிலுள்ள குறுக்குவழியைக் காட்டாமல், நிறுவிய இடத்தின் ‘பின்’ கோப்புறைக்குள் இருக்கும் எக்ஸி கோப்பையே காட்டுங்கள். நான் இதில் தவறி ஒரு மாலையை வீணடித்தேன்.

கேட்டவர்

மிக்க நன்றி. முப்பரிமாணத்தில் சுழற்றும்போது இப்போது திணறல் இல்லை. ‘ஜிபியு 1’ வரைகோடும் மேலே எழுகிறது. ஆனால் புதிய பகுதிக்குப் போனால் துண்டுகள் இன்னும் தாமதமாகவே வருகின்றன, ஹில்ஷேட்டும் பழையபடியே இருக்கிறது.

மறுமொழி (தருமபுரி)

இனி குற்றம் தரவின் மேல்தான். உங்களுடைய நான்கு கட்டங்களும் ஜிப் கோப்புக்குள்ளேயே இருக்கின்றனவா? ஒவ்வொரு கட்டத்திலும் 3601 × 3601 புள்ளிகள். நான்கும் சேர்ந்தால் ஐந்து கோடிக்கு மேல். 78 பாகை கிழக்குக் கோடு தருமபுரி நகரத்துக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடையில் செல்வதாலும், மாவட்டம் 12 பாகை வடக்குக் கோட்டின் இருபுறமும் கிடப்பதாலும் நமக்கு நான்கு கட்டங்களும் தேவைப்படுகின்றன. அவை பாகை அளவில் இருக்க, உங்கள் திட்டமோ மீட்டர் அளவில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு நகர்வுக்கும் மென்பொருள் ஆயத்தொலைவையும் மாற்ற வேண்டும்; ஜிப்பிலிருந்து தரவை விரித்து, ஒட்டிய பிறகே நிழலைக் கணக்கிடத் தொடங்குகிறது. அதுவரை கார்டு கைகட்டி நிற்கும்.

‘வார்ப்’ கருவியால் ஒரே முறை இபிஎஸ்ஜி 32644க்கு (யுடிஎம் 44 வடக்கின் குறியீட்டு எண்) மாற்றி, ஒரே ஜியோடிஃப் கோப்பாக மாவட்ட அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் யுடிஎம் 43ஆம் மண்டலத்தில் விழுந்தாலும், இவ்வளவு சிறிய தாண்டல் உங்கள் வேலைக்கு இடைஞ்சலாகாது. மறுமாதிரி (புதிய புள்ளிகளின் உயரத்தைக் கணக்கிடும்) முறையாக ‘பைலீனியர்’ அல்லது ‘கியூபிக்’ எடுங்கள். இயல்புநிலையை அப்படியே விட்டால் ஹில்ஷேட்டில் கோடு கோடாகத் தழும்புகள் விழும். பிறகு அந்தக் கோப்புக்குப் பிரமிடுகளை (குறைந்த நுணுக்கத்தில் முன்கூட்டியே செய்த நகல்கள்) கட்டிவிட்டால், தூரப் பார்வையில் முழுத் தரவையும் படிக்க வேண்டியிருக்காது.

முப்பரிமாணத்தில் இன்னொரு செலவும் உண்டு. மலை மேல் போர்த்தப்படும் படத்தைத் துண்டு துண்டாகச் செயலிதான் வரைந்து கொடுக்கிறது. பின்னணியில் இணையச் செயற்கைக்கோள் படம் இருந்தால் ஒவ்வொரு துண்டும் இணையத்துக்காகவும் காத்திருக்கும். தரைப்பிழை அளவு (முப்பரிமாணத் தரையை எவ்வளவு நுணுக்கமாக வரைய வேண்டும் என்ற வரம்பு) இயல்பாக 1 மீட்டர். 30 மீட்டர் தரவுக்கு அது வீண் உழைப்பு. 10 என்று வைத்துப் பாருங்கள், போர்த்திய படம் சற்று மங்கினால் குறைத்துக்கொள்ளலாம்.

கேட்டவர்

ஜிப் கோப்புகளேதான், ஒப்புக்கொள்கிறேன். ஒரே கோப்பாக்கிப் பிரமிடு கட்டியதும், சுட்டியை விடுவதற்குள் ஹில்ஷேட் வந்து நிற்கிறது. தரைப்பிழையை 10 ஆக்கி, இணையப் படத்தையும் அணைத்தபின் வத்தல்மலை முழுதாகவே எழுகிறது. ஆனால் ஒகேனக்கல்லில் பரிசல் போகும் பாறை இடுக்கு ஆழமில்லாத வாய்க்கால் போலத் தெரிகிறதே, தரைப்பிழையைக் கூட்டியதாலா?

மறுமொழி (தருமபுரி)

இல்லை. 1க்கே திருப்பி வைத்தாலும் அப்படித்தான் தெரியும். 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த தரவு அது. 30 மீட்டருக்கு ஓர் உயரம்தான் இருப்பதால் குறுகிய இடுக்கின் செங்குத்துச் சுவர்கள் அதில் மழுங்கிவிட்டன.